நாலாவது ஆள்

“நிலுஷாட பேரை வெட்டுவம். ஒரு நாளும் வராத ஆளுக்கு எங்கட புள்ளியில பங்கு குடுக்க ஏலாது!” என்று மேசையில் அடித்தான் கிண்ணியா ஊர்க்காரன் றிகாஸ்.

திருகோணமலையில் ஆசிரியராகப் பயிலும் நால்வரின் குழு அது. இன்னும் சற்று நேரத்தில் அவர்களின் மாதிரிப் பாடம். புள்ளி குழுவுக்கு மொத்தமாகத்தான். கவிழ்ந்தால் எல்லாரும் கவிழ வேண்டியதுதான். சொல்லும் நினைப்பும் உண்மையோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் பொதுச் சொற்பொருளியலில் அவர்களுக்குக் கிடைத்த தலைப்போ, ‘கண்டது வேறு, ஊகித்தது வேறு’. படிப்பிக்கப் போகிறவர்களின் லட்சணம் இப்படி!

வாசலில் நீலச் சேலையில் ஒருவர் வந்து நின்றார். மூவரும் துள்ளி எழும்பினார்கள்.

“குட் மோர்னிங், மிஸ்!”

“நான் இங்க புதுசு...”

“தெரியும் மிஸ், இருங்கோ,” என்று ஜெயந்தன் கதிரையை இழுத்துப் போட்டான். ஷிஃபானா ஓடிப்போய் ஃபேனை அவர் பக்கம் திருப்பினாள்.

“ஆரிட பேரை வெட்டப் போறீங்கள்?” என்று கேட்டார் வந்தவர்.

“நிலுஷா எண்டு ஒருத்தி மிஸ். தலைக்கனத்தில சரியான லெவல் காட்டுற ஆள்,” என்றான் றிகாஸ்.

“காட்டினதைக் கண்டனீங்களா?”

“இல்லை மிஸ். ஆனா, எத்தினை தரம் கூடினம்! ஒருக்காவும் வரேல்லையே.”

“பெரிய இடத்துப் பிள்ளை மிஸ்,” என்று ஷிஃபானா குறுக்கிட்டாள். “சீனன்குடா எயார்போட்டில பிளேனில வந்து இறங்கப் பாத்துக்கொண்டிருக்கிறாவோ தெரியாது!”

“பெரிய இடம் எண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. நாங்களா...” ஷிஃபானா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப, கண்டது என்ன?”

“அவ வரேல்ல. அவ்வளவுதான்,” என்றான் ஜெயந்தன்.

றிகாஸுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. “வெக்கக்கேடு மிஸ்! நாங்க படிப்பிக்கப் போறதே இதத்தானே. பேர் இருக்கட்டும். வந்தா அவவுக்கும் ஒரு பகுதி குடுப்பம்.”

“நாங்க நிலுஷாவைப் பற்றி ஊகிச்சதையே பாடத்தில உதாரணமா நடிச்சுக் காட்டினா என்ன?” என்றாள் ஷிஃபானா.

“ஓம், ஓம்!” அறையே அதிர்ந்தது. ஒரு கிழமையாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

“நல்ல நேரத்தில வந்தீங்கள் மிஸ். புள்ளியையும் கொஞ்சம் பாத்துப் போடுங்கோ,” என்று குழைந்தான் ஜெயந்தன்.

“புள்ளியோ? அதை நான் எப்பிடிப் போடுறது?” அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மட்டக்களப்புக் கல்லூரியில இருந்து மாற்றம் கிடைச்சு, பேரை முந்தியே இங்க பதிஞ்சிருந்தாலும், இண்டைக்குத்தான் வந்தனான். புள்ளி போடுற மிஸ் வரமுன்னம் எனக்கு எந்தப் பகுதி எண்டு கெதியாச் சொல்லுங்கோ. நான்தான் நிலுஷா!”