சாவி

எலும்பு மெலிந்துபோயிருந்த பிலோமினாவுக்கு, ஒரு தும்மலிலேயே முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கியது. அன்றிலிருந்து கணவர் சவரிமுத்து அவளைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. எலும்பை வளர்க்கும் ஹார்மோன் ஊசியை மட்டும் தினமும் அவளே வயிற்றில் குத்திக்கொள்வாள். இன்று ஊசியை எடுத்தபோது வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் உறுமியது.

"யாருங்க அது?"

"வண்டிய வாங்க வந்தவரு. இனிமே உனக்கெதுக்கு?" என்றார் சவரிமுத்து.

அவள் நிதானமாக ஊசியைப் போட்டு முடித்தாள். இடுப்புப் பட்டையை இறுக்கி, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"அண்ணே, எறங்குங்க. வண்டி விக்கிறதுக்கில்ல."

வந்தவர் இறங்கி, சாவியைச் சவரிமுத்துவிடம் கொடுத்தார்.

"ஒன் எலும்பு தாங்காது பிலோ!"

"நீங்க சொல்றதக் கேட்டா அது வளருது?"

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, அவரை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவே இல்லை.