திருஷ்டிக் கற்றாழை

வாசலில் இருந்தவர்கள்: அண்ணன் தங்கவேலு. அண்ணி கலாமணி, கையில் கற்பூரத் தட்டோடு. அண்ணியின் அப்பா சென்னியப்பன். பட்டறை மேஸ்திரி, அமாவாசைக்குச் சுற்றிப்போட வைத்திருந்த பூசணிக்காயோடு.

அவர்கள் தலைக்கு மேலே, நிலையில் ஆணி அடித்து, கயிறு கட்டி, வேர் மேலே இலை கீழேயாக, அவனுடைய செடி.

ஓசூரிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற அவன் தோள்பையை இறக்கவில்லை.

முதலில் அடையாளம் தெரியவில்லை. மண்ணைத் தட்டி, வேரைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். முள்ளை வைத்துத்தான் கண்டுபிடித்தான். ஊர்க் கற்றாழைக்கு ஓரத்தில் மட்டும்தான் முள். இதற்கு இலையின் முதுகிலும் உண்டு.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு மலைப்பக்கம் மட்டும் இருப்பது, அங்கேயும் அருகிவிட்டது என்று விதை கொடுத்த பெங்களூர்க்காரர் சொல்லியிருந்தார். போட்ட விதைகளில் ஒன்றே ஒன்று முளைத்தது. அப்போது அவன் கல்லூரியை விட்டு நின்ற புதிது. தயிர் டப்பாவில் முளைத்ததை, செங்கல் பொடியும் மணலும் கலந்து தொட்டிக்கு மாற்றினான். மழைக்குக் குடை வைத்தான். மாவுப்பூச்சி விழுந்தபோது பழைய டூத் பிரஷ்ஷால் இலை இலையாகத் தேய்த்து எடுத்தான். முள் குத்தும். குத்தட்டும். இந்த வீட்டில் அவனை நம்பி உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

வளர வளர இலைகள் உள்நோக்கி வளைந்தன. இறுக மூடிய கை மாதிரி.

பூக்கவில்லை. ஒரு வருஷமும் பூக்கவில்லை.

ஓசூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது அண்ணியிடம் ஒன்றே ஒன்று சொன்னான். மாடியில் இருக்கிற செடிக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

அண்ணி ஊற்றவில்லை. சொன்ன சொல் தவறவில்லை. தண்ணீரே வேண்டாத கற்றாழை என்றால், அது வாசலில் கட்டுகிற கற்றாழைதானே? அண்ணனின் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் மிஷின் சும்மா கிடந்தது. ஊர்க்கண் பட்டுவிட்டது என்றார் அவள் அப்பா. முள் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது என்றும் அவரே சொன்னார். கடைக்கு எதற்குப் போக வேண்டும், மாடியிலேயே இருக்கிறதே.

கட்டிய மறுவாரம் ஆர்டர் வந்தது.

இதையெல்லாம் அண்ணி சிரித்த முகமாகச் சொன்னாள். அடுத்ததை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் பார்த்துவிட்டான்.

செடி மொக்கு விட்டிருந்தது.

தொங்குகிற இலைகளுக்கு நடுவிலிருந்து தடித்த தண்டு ஒன்று கிளம்பி, கொக்கியாக வளைந்து, வானத்தைப் பார்த்து நின்றது. நுனியில் நெருக்கமாகச் சிவப்பு மொக்குகள். இன்றோ நாளையோ விரியும்.

அத்தனை வருஷமும் அதனிடம் அவன் கேட்டது இதைத்தான்.

எட்டி ஓர் இலையை அழுத்தினான். அழுத்திய இடம் குழிந்தபடியே இருந்தது. உள்ளே சாறு இல்லை. இருந்ததையெல்லாம் தண்டு குடித்துக்கொண்டிருந்தது. சாகப்போகிற செடி, விதை போட்டுவிட்டுப் போகப் பார்க்கும். இன்றைக்கே தண்டை ஒடித்துவிட்டு, செடியை மண்ணில் வைத்தால் ஒருவேளை பிழைக்கும். பூக்க விட்டால் செடி மிஞ்சாது.

அதைச் சொன்னான். முடிந்தவரை மெதுவாகவே சொன்னான். வேறு கற்றாழை நாளைக்கே வாங்கிவந்து தானே கட்டித் தருவதாகவும் சொன்னான்.

மேஸ்திரி பூசணிக்காயைக் கை மாற்றிக்கொண்டான். மொக்கோடு நிற்பதை இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று சென்னியப்பன் தூணைப் பார்த்துச் சொன்னார். ஓசூர் வேலை என்ன ஆனது என்று அண்ணன் கேட்டான்.

விட்டுவிட்டேன் என்றான்.

அண்ணன் தலையாட்டினான். இதெல்லாம் தெரிந்ததுதான் என்கிற தலையாட்டல். பிறகு செடியை அண்ணாந்து பார்த்தான்.

“மண்ணுல வெச்சுச் சீராட்டுன வரைக்கும் ஒரு மொக்கு உடல. கயித்துல கட்டித் தொங்கவுட்டதும் எப்பிடி வந்துருக்குது பாரு. உன்னையும் அன்னைக்கே இப்பிடித் தொங்கவுட்டிருக்கோணும்டா.”

மேஸ்திரிதான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். அண்ணிகூட, வாயைப் பொத்திக்கொண்டு.

அவன் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஏறினான்.

தண்டை அடியில் பிடித்தான்.

பிஞ்சு வெண்டைக்காய் ஒடிகிற சத்தம்தான் கேட்டது.

சிரிப்பு நின்றது.

முடிச்சை அவிழ்க்கப் பொறுமை இல்லை. செடியோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். முள் உள்ளங்கையில் இறங்கியது. ஆணி பெயர்ந்து வந்தது.

இறங்கி, தண்டை அண்ணியின் தட்டில் வைத்தான். கற்பூரத்துக்குப் பக்கத்தில்.

“பூவ நீங்களே வெச்சுக்குங்க அண்ணி.”

அண்ணி தட்டைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள். சென்னியப்பன் அவளை உள்ளே கூட்டிப்போனார். மேஸ்திரி பூசணிக்காயைப் படியில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அண்ணன் ஆணி இருந்த ஓட்டையைப் பார்த்தான். அவனும் உள்ளே போனான்.

வாசலில் மிஞ்சிய அவன் தெருப்பக்கம் திரும்பி நின்று செடியை நிமிர்த்திப் பிடித்தான். வேரில் அப்பியிருந்த மஞ்சளைச் சட்டையால் துடைத்தான். மஞ்சளோடு ரத்தமும் ஒட்டியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடனே மண் வேண்டும். தொட்டி மாடியில் இருக்கிறது.

மாடிப்படி வீட்டுக்குள்ளே.

அது உறைத்தபோது பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, பகலில் ஒருநாளும் பூட்டாத அந்தக் கதவில் சாவி திரும்பியது.