மூடிய கண்ணாடி

லீவு கிடைக்காததால் அருள்தாஸ் அலுவலகத்தையே காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டியரிங்கின்மேல் பலகை வைத்து லேப்டாப், பக்கத்து சீட்டில் இன்னொரு திரை. மீட்டிங்கில் இருந்தவர்களுக்கு அவன் பின்னால் தெரிந்தது கோயம்புத்தூர் வீட்டுப் புத்தக அலமாரியின் படம். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று ஏசியைக்கூட அணைத்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. ஏற்றிய கண்ணாடிக்கு அப்பால் கடல் ஓசையின்றிப் புரண்டுகொண்டிருந்தது.

அவன் மகள் ஜெசி முதன்முறையாகக் கடலைப் பார்க்கிறாள். அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் அழத் தொடங்கவே, மைக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

“அப்பா, நீ வந்தாத்தான் நான் தண்ணில எறங்குவேன்.”

“அஞ்சே நிமிஷம், கண்ணு.”

அதற்குள் மீட்டிங்கில் அவனை அழைத்தார்கள். பதறி மைக்கைத் திறந்தான்.

“அருள், அங்க என்ன அவ்வளவு சத்தம்?” என்றார் மேனேஜர்.

“மழைங்க சார். வீட்டுக்கு வெளிய நல்ல மழை.”

சொல்லிக்கொண்டே கண்ணாடியை ஏற்றினான். வெளியே ஜெசி அழுகையை நிறுத்திவிட்டு, வெயில் காயும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.