எவன் வைத்த பேக்கிங்?

"எவன்யா இந்த வேலையைப் பார்த்தவன்? அவன் கையைத் தொட்டுக் கும்பிடணும்!"

மேஸ்திரியின் குரல் பட்டறை வாசல் வரை கேட்டது. சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே நுழைந்த லாரிக்காரர் மனைவிக்குத் திக்கென்றது.

என்ஜினைக் கழற்றி, செயின் பிளாக்கில் தூக்கி, மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்திருந்தார்கள். பழைய வண்டி. நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்டும். வாசலைக் கழுவிக் கழுவி அவளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. என்ஜினை இறக்குவதுதான் இறக்குகிறோம், ஒழுகுகிற இடத்தையெல்லாம் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்று மேஸ்திரிதான் சொன்னார்.

இப்போது அவர் என்ஜினின் முன்மூடியைத் திறந்து, ஆயில் கசியாமலிருக்க அதன் அடியில் வைத்திருந்த பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"மாப்ளே, இதைப் பாருங்க. பேக்கிங்னு நினைச்சீங்களா? பிஸ்கட் வர்ற அட்டைப்பெட்டி! அதை வெட்டி வச்சு, ஒரு ட்யூப் பசையை மொத்தமாப் பிதுக்கி விட்டிருக்கான் புண்ணியவான். ஒழுகாம என்ன பண்ணும்?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் மாமனார் பட்டறைக்கு வந்திருக்கிறார். 'அந்த வேலையை விட்டுட்டு எங்கூட வந்து நில்லுங்க, இனி இது உங்க பட்டறை' என்று மேஸ்திரி கேட்டிருந்தார். 'இங்கே எப்படி வேலை நடக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன் மாமா' என்று மாப்பிள்ளை பிடிகொடுக்காமல் சொல்லியிருந்தார். தெருவுக்கே தெரிந்த விஷயம் இது. மேஸ்திரி காலையிலிருந்து ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"மாமா, இந்தப் பசை உள்ளே உதிர்ந்து ஆயில் வர்ற வழியை அடைச்சிருந்தா?"

"கேட்டீங்களே, அது கேள்வி! என்ஜின் அன்னைக்கே காலி." மேஸ்திரி லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நான் ஒருத்தன் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னை விட்டுட்டு எவன்கிட்டப் போய் வண்டியைக் கொடுத்தே?"

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"வழியில நின்னுடுச்சுண்ணே. அவசரத்துக்கு... யாரோ ஒருத்தர்..."

"யாரோ ஒருத்தரா! வண்டி உன்னுதுதானா, இல்ல இரவல் வாங்கினதா?"

பட்டறையே சிரித்தது. மூலையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். லாரிக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நாலு பேர் நடுவில் வைத்துப் பிய்த்து எடுக்கிறார்கள், இந்த மனுஷன் ஈயென்று பல்லைக் காட்டுகிறாரே! அதுகூடப் போகட்டும். 'மேஸ்திரியைத் தவிர ஒருத்தனை என் வண்டியைத் தொட விடமாட்டேன்' என்று வீட்டில் மார்தட்டினதெல்லாம் புளுகுதானா?

"வா தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் கண்டிச்சு வை."

"வீட்டுக்கு வரட்டும்ண்ணே," என்றாள் அவள். முகத்தில் சிரிப்பே இல்லை.

கேரியரைத் திருப்பி எடுத்துப்போகிற சாக்கில் அங்கேயே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார். பழைய பசையை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் சுரண்டி, துடைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். புது பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பின்பக்கம் ஆயிலைத் தடுக்கிற சீல் வளையத்தையும் மாற்றாமல் விடவில்லை. வேடிக்கை பார்த்த மாப்பிள்ளை எப்போது சட்டைக் கையைச் சுருட்டினார், எப்போது ஸ்பானரை வாங்கினார் என்று அவளுக்கே தெரியவில்லை.

கை கழுவும்போது மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, அங்கே சொல்லிட்டு அடுத்த மாசம் வந்துடறேன். அட்டையை வெட்டி வைக்கிற ஊர்ல இப்படி ஒரு பட்டறை இருக்கே, இங்கேயே நிக்கலாம்."

மேஸ்திரி ஆயில் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் தெருமுனை தாண்டியதும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அந்த யாரோ ஒருத்தர்? எங்கிட்டகூடச் சொல்லலையே!"

"சொல்லியிருக்கேனே."

"எப்போ?"

"நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தே. நான் லோடோட நடுவழியில நின்னுட்டேன். கொட்டற மழை, ஒரு கடை திறக்கலை. போன் பண்ணதும் ஒருத்தர் நெருப்பாக் கொதிக்கிற காய்ச்சலோட பஸ் பிடிச்சு வந்தார். பேக்கிங்குக்கு எங்கே போறது? லோடுல இருந்த அட்டையைக் கிழிச்சு வச்சு, 'நீ போய்ப் புள்ளையைப் பாருடா'ன்னு அனுப்பி வச்சார்."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அது... நம்ம மேஸ்திரி அண்ணன்தானே!"

"அவருக்கே ஞாபகம் இல்ல. நீ எதுக்கு ஞாபகம் வச்சுக்கறே? நட," என்றார் லாரிக்காரர்.