நாலாம் படுக்கை

"நாலாம் படுக்கை மதியத்துக்குள்ள காலியாகணும் கண்ணு. கீழே அவசரப் பிரிவுல ஆறு பேர் ராத்திரி பூரா நாற்காலியிலயே உக்காந்திருக்காங்க" என்று குவெண்டாவை வாசலிலேயே மடக்கினாள் வார்டு நர்ஸ் பெர்னடெட்.

குவெண்டா நகராட்சியின் சமூகநலப் பணியாளர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்களைக் கவனிக்க ஆள் அனுப்பும் அரசுப் பணம் அவள் பொறுப்பில் இருந்தது. இந்த மாதம் மிஞ்சியது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அதைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது.

"இங்க விடிஞ்சதும் நோயாளிங்க எல்லாரையும் வெளிய போற உடுப்பு மாட்டி நாற்காலியில உக்கார வெச்சிருவோம். படுத்தே கிடந்தா காலு விளங்காமப் போயிரும்" என்று பெருமையடித்துவிட்டு பெர்னடெட் வேறு வேலைக்கு ஓடினாள்.

நாலாம் படுக்கையில் எட்னா என்ட்விசில் என்ற மூதாட்டி தன் கோட்டைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குவெண்டாவுக்குப் பகீரென்றது. பெர்னடெட்டாலேயே எழுப்ப முடியவில்லை என்றால் நிலைமை மோசம்தான். பக்கத்து நாற்காலியில் கணவர் கிளிஃபர்ட் டை கட்டி, தலை வாரி, ஜம்மென்று குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடடா, கண்ணசந்துட்டேனா!" எட்னா எழப் பார்த்தாள்.

"படுங்கம்மா. வீட்டுல எப்படிச் சமாளிப்பீங்கன்னு ரெண்டு கேள்வி, அவ்வளவுதான். மாடிப்படி ஏறுவீங்களா?"

"முழங்கால் வலியில உயிர் போகும். ஏறாம முடியுமா?"

"தூக்கம்?"

"நல்லாத் தூங்கி மூணு வருஷமாச்சு."

"சாப்பாடு?"

"டோஸ்ட். அதுவும் நின்னுக்கிட்டே."

"என் பொண்டாட்டி கெட்டிக்காரி. எல்லாத்தையும் சமாளிச்சிருவா" என்றார் கிளிஃபர்ட், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

குவெண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவங்களுக்கு ஒரு கப் டீ போட்டுக் கொடுத்திருக்கீங்களா சார்?"

"முன்னெல்லாம் போடுவேன்."

"அவரைத் திட்டாதீங்க கண்ணு" என்ற எட்னா, கோட்டுப் பையிலிருந்து கார் நிறுத்தக் காசு கட்டிய சீட்டை எடுத்துப் பார்த்தாள். "சீக்கிரம் முடிங்க. நேரம் தாண்டினா அபராதம் போட்டுருவான்."

இந்த நிலைமையிலும் புருஷனின் அபராதத்துக்குக் கவலைப்படுகிறாளே! குவெண்டா யோசிக்கவே இல்லை. தினமும் நாலு வேளை ஆள் வரும், சமையல் உண்டு, ராத்திரிக்கும் துணை உண்டு என்று சொல்லி, அங்கேயே கையெழுத்தைப் போட்டாள். எட்னாவின் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல நீ தூங்குனியா, சாப்பிட்டியான்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல."

சக்கர நாற்காலி வந்தது. எட்னா துள்ளி எழுந்து ஷூவை மாட்டினாள். பெர்னடெட்டும் அவளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, கிளிஃபர்டை மெல்லத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். பையைக் கைப்பிடியில் மாட்டி, எட்னா தள்ளத் தயாரானாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? உடம்புக்கு முடியாதவங்க நீங்க தள்ளலாமா?" பதறினாள் குவெண்டா.

"உடம்புக்கு முடியாதவர் இவருதான் கண்ணு. நான் இவரைப் பாத்துக்கிறவ."