ஸ்வீடன் பாஷையில் ஒரு செல்லப்பேர்

"சாயங்காலம் வந்து உனக்கொரு வார்த்த சொல்லுதேன். ஸ்வீடன் பாஷையில."

பக்கத்து வீட்டு ஓமனாவின் போனில் புருஷன் வன்னியராஜ் இப்படிச் சொல்லிவிட்டு வைத்ததிலிருந்து செல்வமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோவளத்தில் ஒரு ஹோட்டலில் அவனுக்குப் பரிமாறும் வேலை. அங்கே தங்கியிருந்த ஸ்வீடன்கார வயதான தம்பதி அவனிடம் பிரியமாக ஒட்டிக்கொண்டார்கள். பிப்ரவரி பதினாலுக்கு அவர்கள் ஊரில் காதலர் தினம் என்று பேர் இல்லையாம். 'எல்லா இதயங்களின் நாள்' என்பார்களாம். அன்றைக்கு இதய வடிவத்தில் சிவப்பு ஜெல்லி மிட்டாய் கொடுப்பார்களாம். அந்தப் பெரியவரிடம் கேட்டுத்தான் மனைவிக்கென்று ஒரு செல்லப்பேரைப் பொறுக்கி வைத்திருந்தான்.

கல்யாணமாகி எட்டு மாதம். இதுவரை 'ஏ பிள்ளே'யைத் தாண்டி அவன் வாயிலிருந்து ஒரு பேர் வந்ததில்லை. எதிர்வீட்டுக்காரிக்கு அவள் புருஷன் கொடுத்த காதலர் தின கார்டு திறந்தால் பாட்டுப் பாடியது. பாடட்டுமே. செல்வமணிக்கு ஒரு பாஷையே வரப் போகிறது.

தலைக்குக் குளித்தாள். பூ வாங்கி வைத்துக்கொண்டாள். அரக்குச் சேலையை எடுத்தவள், அது வயதாகக் காட்டுமென்று மடித்து வைத்துவிட்டு மாம்பழ மஞ்சளைக் கட்டினாள்.

வயது என்றாலே அவளுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. உண்மையில் அவள் வன்னியராஜைவிட இரண்டு வயது மூத்தவள். தரகர் வேலப்பன் அதை மாற்றி, மாப்பிள்ளையைவிட ஒரு வயது இளையவள் என்று சொல்லித்தான் சம்பந்தத்தை முடித்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம், இது ஒரே ஒரு பொய்தானே என்று அவள் அப்பாவின் வாயை அடைத்துவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு பொய்யை எட்டு மாதமாகச் செல்வமணிதான் சுமந்துகொண்டிருந்தாள்.

"எந்தா செல்வமணி, இன்னிக்கு ஒரு இளக்கம்?" என்றாள் ஓமனா, அவள் துள்ளலைப் பார்த்து.

சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லிவிட்டாள். ஓமனாவிடம் சொன்னால் கரமனை ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. வன்னியராஜ் பஸ்ஸை விட்டிறங்கி வந்தபோது வாசலில் நாலைந்து பெண்கள், ஏதோ வேலையிருப்பதுபோல நின்றிருந்தார்கள்.

அவன் கூச்சத்தில் நெளிந்தான். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. மிட்டாய்ப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான்.

"கும்மன்" என்றான்.

கும்மி கொட்டுவதுபோல இருந்தது காதுக்கு. செல்வமணியின் முகமெல்லாம் சிவந்துபோயிற்று. அர்த்தம் என்னவென்று ஓமனா துளைத்தெடுத்தாள். அது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவன் சிரித்து மழுப்பினான். கரமனையில் ஸ்வீடன் பாஷை யாருக்குத் தெரியும் என்கிற தைரியம்தான்.

ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. ஓமனாவின் தங்கை லிபி, வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் டிராவல்ஸில் வேலை பார்ப்பவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சேட்டா, கும்மன்னு வெச்சா கிழவியாணு."

வாசலே சிரித்தது. செல்வமணி மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெரிந்துவிட்டது. எப்படியோ வயது தெரிந்துவிட்டது. அதைத்தான் இப்படி ஊரைக் கூட்டிச் சொல்லிக் காட்டுகிறான். ஊரைக் கூட்டியது தான்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

வெளியே ஆட்கள் கலைந்தார்கள். வன்னியராஜ் மெதுவாகக் கதவைத் தட்டினான்.

"ஏ பிள்ளே, கேளு. கல்யாணமான புதுசுல இருந்தே அந்தப் பெரியவரு அந்தம்மாவ அப்படித்தான் கூப்பிடுதாராம். செல்லமாக்கும். அந்தம்மாவும் அவர குப்பன்னு கூப்பிடுது. கிழவன்னு அர்த்தமாம்."

குப்பன் என்றதும் அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"வேற பேரே கிடைக்கலியா உங்களுக்கு?"

"கிடைச்சுது. அன்பே, இனிப்பு மூக்குன்னு என்னெல்லாமோ சொன்னாரு. அதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் பொருந்தும். இதுன்னா, நீ நெசமாவே கிழவியான பொறவும் மாத்த வேண்டாம் பாத்துக்கோ."

செல்வமணிக்கு நெஞ்சு கரைந்தது. இத்தனை பிரியம் வைத்திருப்பவனிடம் இனியும் மறைத்து என்ன வாழ்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"என் வயசு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அப்படித்தானே? வேலப்பன் அண்ணாச்சியா சொன்னாரு?"

வன்னியராஜ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அவரு என்ன சொல்லுகது? மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடையில உன்னப் பாத்து, வயசு முதக்கொண்டு எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் அவருகிட்டயே போனேன். நீ ரெண்டு வயசு மூத்தவள்னு தெரிஞ்சா எங்கம்மை சம்மதிப்பாளா?"

பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிவப்பு மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"உன் வயசக் குறைச்சுச் சொல்லுங்க அண்ணாச்சின்னு அவரு கால்ல விழுந்ததே நான்தான், கும்மன்."