தழும்பின் விளிம்பு

திரையில் அந்த மூளையைப் பார்த்ததும் டாக்டருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

பழைய தழும்பு ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய கரிய விளிம்பு. வருடக் கணக்காக அவள் அடித்துச் சொல்லிவந்தது இதைத்தான்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் வந்தவருக்குப் புதிய தாக்குதல் எதுவும் வராமல் இருக்கலாம். வழக்கமான ஸ்கேனும் மாறாமல் இருக்கலாம். அதற்காக நோய் தூங்குகிறது என்று அர்த்தமில்லை. அழற்சி அந்தத் தழும்புகளின் விளிம்பில் நீறு பூத்த நெருப்பாய்க் கிடந்து நரம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ஆள் கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்ந்துபோவார்.

மாநாடுகளில் இதைச் சொன்னபோதெல்லாம் பெரிய தலைகள் கொட்டாவி விட்டன. இனி விட முடியாது.

படத்தில் பெயர் இல்லை. வெறும் எண். ஆய்வுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

"தானா வந்து சேர்ந்தவர் மேடம்," என்றார் ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன். "முடியலன்னு சொன்னா வீட்டுல நம்ப மாட்டேங்கறாங்களாம். படம் ஒண்ணு கிடைச்சா காட்டலாமேன்னு கேட்டார். பாவம்."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கண்ணெதிரே ஒருவன் தேய்ந்துகொண்டிருக்கிறான், அது நடிப்பாய்த் தெரிகிறதாமா? என்ன ஜென்மங்களோ!

"வீட்டு ஆளுங்களை வரச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் நாலு கேள்வி கேக்கறேன்."

சொன்ன வேகத்தில் தானே எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் குனிந்து, செருப்பு வாரை மாட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான் அவள் தம்பி.

மாடியில் வேலை பார்க்கும் அக்கா இன்று கீழே வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. திருடிப் பிடிபட்டவன் மாதிரி விழித்தான்.

போன மாதம் அவள் வீடு மாறியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் சாமான் தூக்கினார்கள். இவன் மட்டும் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "வேலைன்னா மட்டும் இவனுக்குக் கால் இழுக்கும். ஸ்கேனை நானே பார்த்துட்டேன், நோயில ஒரு மாத்தமும் இல்ல," என்று அவள்தான் சொன்னாள். டாக்டரே சொன்ன பிறகு யாருக்கு என்ன சந்தேகம்? எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

முன்பின் தெரியாத நோயாளி முடியவில்லை என்றால் அவள் உடனே நம்புவாள். ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

கதவு திறந்தே கிடந்தது. பின்னால் டெக்னீஷியன் நிற்பது தெரிந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

தரையில் உட்கார்ந்தாள். தம்பியின் கையை விலக்கிவிட்டு வாரைப் பிடித்தாள்.

நோய் நிற்கவில்லை, உள்ளுக்குள் முற்றிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

உடைந்துபோவான் என்று நினைத்தாள். திட்டுவான் என்றும் நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவனோ பெரிதாக மூச்சு விட்டான்.

"அப்போ நான் சோம்பேறி இல்லையாக்கா?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.